மீன் விற்கும் அம்மாவுக்குப் போனின் குரல் உதவி பயன்படுமா?

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான். உங்கள் அம்மாவுக்கு 58 வயது. காசிமேட்டில் மீன் விற்கிறார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, தமிழையும் எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். கை எப்போதும் ஈரம். பேசியே போனை ஓட்டட்டும் என்று ஒரு ஆண்ட்ராய்டு போன் வாங்கி, குரல் உதவியைத் தமிழில் போட்டுக் கொடுத்தீர்கள். மூன்றே நாளில் அம்மா அலுத்துப்போய், "நான் பேசுறது அதுக்குப் புரியல, இத்த வச்சிக்கினு நான் இன்னா பண்றது" என்று ஓரமாக வைத்துவிட்டார். இதில் உருப்படியாக ஏதாவது செய்ய முடியுமா, அம்மாவைக் கொஞ்சம் திருத்தமாகப் பேசப் பழக்க வேண்டுமா, ஐபோன் சரிவருமா என்பவை உங்கள் கேள்விகள்.

செய்ய முடியும். ஆனால் அம்மாவைத் திருத்திப் பேசச் சொல்லாதீர்கள். மாற்ற வேண்டியது போனில்தான் நிறைய இருக்கிறது.

நான் தண்டையார்பேட்டையில் 14 வருடமாகப் போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு வருடம், ராத்திரி நேரத்தில், பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் வேலையும் பார்த்தேன். இந்த மாதிரி குரல் மென்பொருள்களைப் பழக்குவதற்காகச் சேகரித்த ஒலிப்பதிவுகள் அவை. இரண்டு பக்கமும் பார்த்திருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் மைக்கைப் பாருங்கள். "பேசினா கேக்கவே மாட்டேங்குது" என்று என்னிடம் வரும் போன்களில் பல, மென்பொருளில் ஒரு குறையும் இல்லாதவை. சார்ஜர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் ஊசிமுனை அளவில் ஓர் ஓட்டை இருக்கும், அதுதான் மைக். காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கத்துப் போன்களில் அந்த ஓட்டைக்குள் உப்பும் தூசியும் சேர்ந்து கெட்டியாகியிருக்கும். மீன் கடை வைத்திருப்பவர்களின் போன் என்றால் செதில் துணுக்குகூட இருக்கும். விலை குறைந்த போன்கள் பலவற்றில் இந்த மைக்கும் சார்ஜிங் போர்டும் ஒன்றாகவே இருக்கின்றன. அந்த போர்டில் உப்புத் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிட்டால் சார்ஜ் ஏறுவதும் மெதுவாகும், குரலும் மங்கும். அதனால் "சார்ஜ் லேட்டா ஏறுது, பேசினாலும் கேக்கல" என்று இரண்டு குறையும் சேர்ந்து வந்தால் எனக்கு உடனே சந்தேகம் அங்கேதான் போகும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். போனிலேயே இருக்கும் ரெக்கார்டரில் அம்மாவைப் பத்து விநாடி பேசச் சொல்லி, நீங்கள் போட்டுக் கேளுங்கள். கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருந்தால் உங்கள் காதுக்கே பாதிதான் புரியும், போனுக்கு எப்படிப் புரியும்? காய்ந்த மெல்லிய டூத் பிரஷால் அந்த இடத்தை லேசாகத் தேய்த்துச் சுத்தம் செய்யுங்கள். குண்டூசி, சேஃப்டி பின் எதையும் உள்ளே விடாதீர்கள். உள்ளே இருக்கும் வலையும் மைக்கின் சவ்வும் கிழிந்தால் மைக்கையே மாற்ற வேண்டிவரும். போனின் மேல் விளிம்பில் இன்னொரு சின்ன ஓட்டை இருந்தால் அது இரண்டாவது மைக், சுற்றியிருக்கும் இரைச்சலைப் பிரித்து எடுப்பதற்காக வைத்தது. தடிமனான பின் கவர் போட்டு அதை மூடிவிடுகிறார்கள். கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை பேசிப் பாருங்கள், வித்தியாசம் தெரிந்தால் கவரில் அந்த இடத்தை வெட்டிவிடுங்கள்.

மைக் நன்றாக இருந்தாலும் அம்மா நிற்கும் இடத்தை யோசியுங்கள். ஏலக் கூச்சல், ஐஸ் உடைக்கும் மெஷின், மீன்பாடி வண்டி, வெளியே எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையாகக் கன்டெய்னர் லாரிகள். "ஹே கூகுள்" போன்ற அழைப்புச் சொல்லுக்காகப் போனுக்குள்ளேயே ஒரு சின்ன நிரல் எந்நேரமும் காத்திருக்கும். பேட்டரி தீராமல் இருக்க வேண்டும் என்பதால் அது மிகச் சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது, அந்த ஓசை ஒன்றைத் தவிர வேறு எதையும் அது தேடுவதில்லை. வீட்டில் விளக்கு வைத்த பிறகு, அமைதியாக உட்கார்ந்து அம்மாவின் குரலைப் பதிவு செய்து கொடுத்திருப்பீர்கள். மார்க்கெட்டில் அவர் கத்திப் பேசும் குரல் வேறு. கத்தும்போது குரலின் உயரமும் இழுப்பும் மாறிவிடும், அது அதே ஆள்தானா என்று போன் தடுமாறும்.

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வழி, அழைப்புச் சொல்லை நம்பாதீர்கள் என்பதுதான். நடுவில் பட்டன் வைத்த வயர் ஹெட்செட் ஒன்று வாங்கிக் கொடுங்கள். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் குரல் உதவி திறக்கும். மைக் வாய்க்குப் பக்கத்தில் வந்துவிடுவதால் இரைச்சலின் தொல்லை பாதியாகக் குறையும். ஈரக் கையோடு திரையைத் தொடவும் வேண்டாம். தொடுதிரை, விரலில் இருக்கும் மின்தன்மையை உணர்ந்து வேலை செய்கிறது. தண்ணீர்ச் சொட்டும் அதேபோல்தான் அதற்குத் தெரியும், அதனால்தான் ஈர விரலுக்குத் திரை தன்னிஷ்டத்துக்கு ஓடுகிறது. கைரேகைப் பூட்டும் ஈர விரலை ஏற்காது. ஹெட்செட் பட்டன் இந்த இரண்டையும் தாண்ட உதவும். ஆனால் போன் பூட்டியிருக்கும்போது குரலில் கேட்டால், "முதலில் திறக்கவும்" என்று சொல்லி நிறுத்திவிடும். பூட்டுத் திரையிலும் குரலுக்குப் பதில் தர அனுமதிக்கும் ஓர் அமைப்பு உண்டு, அதைத் தேடி இயக்குங்கள். இந்த ஒன்றைச் செய்யாததால் குரல் உதவியையே விட்டுவிட்டவர்கள் என் கடைக்கு வருபவர்களில் ஏராளம்.

சரி, மைக் பிரச்சினை இல்லை, இரைச்சலும் இல்லை. அப்போதும் அம்மா பேசுவது ஏன் புரியவில்லை?

ஆப்பிளின் குரல் உதவியான சிரி 2011இல் ஐபோன் 4எஸ் உடன் வந்தது. கூகுளின் குரல் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017 ஆகஸ்டில், மலையாளம், தெலுங்கு, கன்னடம் எல்லாம் அப்போதுதான் சேர்ந்தன. கூகுளின் புதிய ஏஐ உதவியான ஜெமினி செயலி இந்தியாவுக்குத் தமிழோடு வந்தது 2024 ஜூனில். ஆக, ஆங்கிலம் பேசுபவருக்குக் கிடைத்தது நமக்குக் கிடைக்கவே பல வருடம் ஆனது. வந்த பிறகும் அது எந்தத் தமிழைக் கேட்டு வளர்ந்தது என்பது இருக்கிறது. ஒரு கணக்கு சொல்கிறேன். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022இல் வெளியிட்ட விஸ்பர் என்ற பேச்சறியும் மென்பொருள் மொத்தம் 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதப் பழக்கியது எல்லாம் சேர்த்தே சுமார் 1,17,000 மணி நேரம். அந்த 96இல் ஒன்று தமிழ். அந்தத் தமிழுக்குள் காசிமேட்டுத் தமிழ் எவ்வளவு இருந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத்தாக்கும் வேலை செய்தபோது எனக்கு வந்த பதிவுகளில் பெரும்பகுதி, யாரோ ஒருவர் தாளைப் பார்த்து வாசித்தவை. "இன்று மாலை பலத்த மழை பெய்யக்கூடும்" என்பதுபோல் முழு வாக்கியங்கள். நம் பக்கத்தில் யார் அப்படிப் பேசுகிறார்கள்? "மயை வர மாதிரி கீது" என்போம். இங்கே பலருடைய வாயில் ழ வராது, ய ஆகிவிடும். வாழைப்பழம் "வாயப்பயம்" ஆகும், கீழே என்பது "கீய" ஆகும். எப்போதாவது அப்படி ஒரு பதிவு வரும்போது எனக்குள்ளேயே ஒரு போராட்டம் நடக்கும். "கீது" என்று பேசினால் "கீது" என்றே எழுதுவதா, "இருக்கிறது" என்று மாற்றி எழுதுவதா? எங்களுக்குக் கொடுத்த விதிகள் மாதத்துக்கு ஒருமுறை மாறின. ஒருவர் அப்படி எழுதுவார், இன்னொருவர் இப்படி எழுதுவார். இரண்டையும் சேர்த்துப் படிக்கும் மென்பொருள் குழம்பாமல் என்ன செய்யும்? தமிழை எழுதுவது ஒரு மாதிரி, பேசுவது வேறு மாதிரி. வேறு பல மொழிகளுக்கு இவ்வளவு பெரிய இடைவெளி கிடையாது. அதோடு நம் மொழியில் சொல் வளர்ந்துகொண்டே போகும். வீடு, வீட்டுல, வீட்டுலருந்து, வீட்டுலருந்துதான், வீட்டுலருந்துதானே... ஒவ்வொன்றும் போனுக்கு ஒரு புதுச் சொல்போலத்தான்.

ஒரு சின்ன உதாரணம். என் கடைக்கு வரும் ஓர் ஆயா, மகள் செல்வியுடன் பேச வேண்டும் என்பதற்காகப் போனிடம் "செல்வியாண்ட பேசணும்" என்றார். வேறு ஊரில் "செல்விகிட்ட" என்பதைத்தான் நாம் "செல்வியாண்ட" என்கிறோம். போன் அதை "செல்வி ஆண்டாள்" என்று எழுதிக்கொண்டு, அப்படி ஒரு பெயர் இல்லை என்றது. ஆயா மூன்று முறை சொன்னார், ஒவ்வொரு முறையும் குரல் சிறுத்துக்கொண்டே போனது. கடைசியில், "நான் படிக்காதவ தம்பி, எனக்கு சரியா பேச வரல" என்றார். எனக்கு அன்றைக்கு மனசே ஆறவில்லை. எழுபது வருடமாகப் பேசி, வியாபாரம் செய்து, பிள்ளைகளை வளர்த்த பேச்சு அது. அதில் ஒரு பிழையும் இல்லை. அந்தப் பேச்சைக் கேட்டுப் பழகாதது மென்பொருளின் குறை. உங்கள் அம்மாவிடமும் இதை வாய்விட்டுச் சொல்லுங்கள், ஏனென்றால் பலர் போனை விட்டுவிடுவதற்குக் காரணம் இந்தக் கூச்சம்தான்.

திருத்திப் பேசச் சொன்னால் இன்னொரு தொல்லையும் வரும். ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இழுத்து, அழுத்திப் பேச ஆரம்பிப்பார்கள். தொடர்ந்து பேசும் பேச்சைக் கேட்டுப் பழகிய மென்பொருளுக்கு அது இன்னும் மோசமாகத்தான் புரியும். பேச்சில் ஓர் இடைவெளி வந்தாலே, பேசி முடித்தாயிற்று என்று எடுத்துக்கொண்டு கேட்பதை நிறுத்திவிடும். பெரியவர்கள் "வந்து... அது இன்னாது..." என்று யோசிக்கும் நேரத்தில் அது முடிவுக்கு வந்துவிடுகிறது. அம்மாவிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள்: என்ன கேட்கப் போகிறோம் என்பதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, அப்புறம் பட்டனை அழுத்தி, பக்கத்துக் கடை அக்காவிடம் பேசுகிற வேகத்திலேயே பேசச் சொல்லுங்கள். அது போதும்.

இனி எதற்கு வைத்துக்கொள்ளலாம் என்று வருவோம். என் அனுபவத்தில் பெரியவர்களுக்கு முதல் பயன், பெயர் சொல்லிப் போன் போடுவது. இதற்குத் தேவையான வேலை முழுக்க உங்களுடையது. போனில் பெயர்களை எப்படிச் சேமித்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். நாம் ஆங்கில எழுத்தில் சுருக்கிச் சேமித்திருப்போம், அதைத் தமிழ்க் குரலோடு பொருத்தப் போன் திணறும். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் மாற்றுங்கள். ஆதார் அட்டையில் இருக்கும் பெயர் வேண்டாம், அம்மா வாயில் வரும் பெயர் வேண்டும். அவர் "ஐஸ்காரர்" என்று சொல்வாரென்றால் "ஐஸ்காரர்" என்றே போடுங்கள். ஒரே பெயரில் நான்கு பேர் இருந்தால் ஒவ்வொருவருக்கும் வேறுபடும்படி இரண்டு சொல் வையுங்கள், "போட்டு குமார்", "ஆட்டோ குமார்", "மாமா குமார்" என்று. மிகச் சின்னப் பெயர்கள் இரைச்சலில் காணாமல் போய்விடும், இரண்டு சொல் இருந்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு அம்மாவைக் கூட வைத்துக்கொண்டு, அவர் எப்படிச் சொன்னால் போன் போடுகிறது என்று சோதியுங்கள். "ஐஸ்காரருக்கு போன் பண்ணு" என்பது நிறையப் போன்களில் ஒழுங்காகவே வேலை செய்கிறது. சில பெயர்களைப் போன் விடாமல் தப்பாகவே எழுதும். அப்படியானால் அது என்ன எழுதுகிறதோ, அந்த எழுத்திலேயே பெயரை மாற்றிச் சேமித்துவிடுங்கள். பார்ப்பதற்கு அசிங்கமாக இருக்கும், ஆனால் வேலை நடக்கும். அந்த ஆயாவின் போனில் இன்றைக்கும் "செல்வி ஆண்டாள்" என்றுதான் இருக்கிறது. "செல்வியாண்ட பேசணும்" என்கிறார், மணி அடிக்கிறது.

அலாரத்தில் கவனமாக இருங்கள். மீன் எடுக்க நள்ளிரவு தாண்டி எழுந்து போகிறவர்களுக்கு இது வயிற்றுப்பாட்டு விஷயம். எங்கள் தெருவில் ஓர் அண்ணன், ராத்திரி பன்னிரண்டரைக்குப் படுக்கும்போது "நாளைக்கு ரெண்டு மணிக்கு எழுப்பு" என்று போனிடம் சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார். அவர் மனதில் இருந்தது அன்றைய விடியற்காலை. தேதி மாறிவிட்டதால் போனுக்கு "நாளை" என்பது மறுநாள். அவர் கண் விழித்தபோது நன்றாக விடிந்திருந்தது, அன்றைய ஏலம் போயிற்று. "ரெண்டு மணி" என்று மட்டும் சொன்னால் பகல் ரெண்டு மணிக்கு வைத்துவிடுவதையும் பார்த்திருக்கிறேன். "நாலரை", "ஏழேகால்", "அஞ்சே முக்கா" போன்ற நம் கணக்குகளிலும் சில நேரம் சறுக்கும். அதனால் தினசரி எழும் அலாரத்தை நீங்களே கையால் ஒருமுறை வைத்து, தினமும் திரும்ப அடிக்கும்படி போட்டுவிடுங்கள். குரலில் வைப்பது "பத்து நிமிஷத்துல ஞாபகப்படுத்து" போன்ற சின்னச் சின்ன வேலைகளுக்கு நன்றாக இருக்கும். அடுப்பில் குழம்பு, மோட்டார் ஓடுகிறது, அதற்கெல்லாம் வைக்கலாம். வைத்த பிறகு போன் திருப்பிச் சொல்லும் நேரத்தைக் காதால் கேட்டு உறுதிசெய்யும் பழக்கத்தை மட்டும் ஏற்படுத்துங்கள்.

டார்ச் போடுவது, சத்தத்தைக் கூட்டுவது, பாட்டு போடுவது எல்லாம் பிரச்சினை இல்லாமல் நடக்கும்.

செய்தி அனுப்புவதற்குக் குரல் தட்டச்சு இருக்கிறது. விசைப்பலகையில் மைக் படத்தைத் தொட்டுப் பேசினால் தமிழில் எழுதும். ஆனால் உங்கள் அம்மாவுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். எழுதியது சரியா என்று படித்துப் பார்த்தால்தான் அதில் பயன். எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கு வாட்ஸ்அப்பில் குரலையே பதிவு செய்து அனுப்புவது நூறு மடங்கு மேல். 2013இலிருந்து இருக்கும் வசதி. பேசுவதை எழுத்தாக மாற்றும் வேலையே இல்லாததால் "கீது" என்றாலும் "இருக்கு" என்றாலும் கேட்பவருக்குப் புரியும். நான் பார்த்த வரைக்கும் இந்தப் பக்கத்துப் பெண்கள் மிக அதிகமாகப் பயன்படுத்தும் குரல் வசதி இதுதான்.

அதற்கு அடுத்தது என்னவென்று கேட்டால் கடையில் வைத்திருக்கும் சவுண்ட் பாக்ஸ். ஸ்கேன் செய்து பணம் போட்டதும், இவ்வளவு ரூபாய் வந்தது என்று தமிழில் சத்தமாகச் சொல்லும் அந்தச் சின்னப் பெட்டி. அது யார் பேச்சையும் கேட்பதில்லை, சொல்ல மட்டும்தான் செய்யும். ஆனால் கை ஈரமாக இருக்கும்போது, கூட்டத்துக்கு நடுவில், திரையைப் பார்க்காமலே பணம் வந்ததா என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. "அனுப்பிட்டேன் பாரு" என்று பழைய ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுவது அதனால் எவ்வளவோ குறைந்திருக்கிறது. அம்மாவிடம் இன்னும் இல்லையென்றால் அதை முதலில் வாங்கிக் கொடுங்கள்.

பணம் அனுப்புவதைக் குரலில் செய்ய விடாதீர்கள். குரல் வழியே யுபிஐ பணம் அனுப்பும் "ஹலோ யுபிஐ" வசதியை 2023 செப்டம்பரில் அறிவித்தார்கள், முதலில் இந்தியிலும் ஆங்கிலத்திலும் என்று. நல்ல யோசனைதான். ஆனால் மார்க்கெட் இரைச்சலில் "ஐநூறு" எது, "ஐந்நூத்தம்பது" எது என்று போன் பிரித்தறியும் என்று நான் நம்பிக்கை தர மாட்டேன். அதைவிட ஆபத்தானது, "பேங்க் கஸ்டமர் கேர் நம்பர் சொல்லு" என்று கேட்பது. இணையத்தில் மோசடிக்காரர்கள் போலி எண்களைப் பரப்பி வைத்திருக்கிறார்கள். தேடிக் கிடைத்ததைக் குரல் உதவி வாசித்துவிடும். காதால் கேட்பவருக்கு அது எங்கிருந்து வந்தது என்று தெரியாது. வங்கியின் எண் பாஸ்புக்கிலும் ஏடிஎம் அட்டையின் பின்னாலும் இருக்கும், அங்கிருந்து எடுத்து நீங்களே சேமித்து வையுங்கள். பணம் பறிபோய்விட்டது என்றால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930க்கு அழைக்க வேண்டும், அதையும் "பணம் போச்சு" என்ற பெயரிலேயே சேமித்துவிடுங்கள்.

கேள்வி கேட்டுப் பதில் வாங்குவது இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. பழைய குரல் உதவிகளுக்குக் குறிப்பிட்ட சில வடிவக் கேள்விகள்தான் தெரியும். ஜெமினி போன்ற புதியவை எப்படிக் கேட்டாலும் ஓரளவு பிடித்துக்கொள்கின்றன, பேச்சு வழக்கையும் முன்பைவிட நன்றாகப் புரிந்துகொள்கின்றன. தன் பழைய குரல் உதவியான அசிஸ்டன்ட்டின் இடத்தில் ஜெமினியைக் கொண்டுவருவதாகக் கூகுள் 2025 மார்ச்சில் அறிவித்தது. இது அம்மாவைப் போன்றவர்களுக்கு நல்ல செய்தி. ஆனால் இவை தெரியாததையும் தெரிந்ததுபோலவே சொல்லும், குரலில் தயக்கம் இருக்காது. திரையில் படிக்கும்போது ஒரு சந்தேகம் வரும், காதால் கேட்கும்போது அதுவும் வராது. மாத்திரை அளவு, எந்த மருந்தோடு எதைச் சாப்பிடலாம் என்பதையெல்லாம் இதனிடம் கேட்க வேண்டாம் என்று அம்மாவிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டில் யாராவது கடலுக்குப் போகிறவர்கள் இருந்தால் இன்னொன்று. "நாளைக்கு மயை வருமா" என்று கேட்டால் போன் சொல்வது சென்னை நகரத்துக்கான வெயில், மழைக் கணிப்பு. அலை எவ்வளவு உயரம், கடலில் காற்று என்ன வேகம் என்பது அதில் இருக்காது. அதற்கு ஹைதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையமும் வானிலை ஆய்வு மையமும் மீனவர்களுக்கென்றே எச்சரிக்கை வெளியிடுகின்றன. போட்டை எடுப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

வழி கேட்பதில் நம் ஏரியாவுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. இடத்துக்கு ஒரு பெயர், போர்டில் ஒரு பெயர், வரைபடத்தில் ஒரு பெயர். 2021இல் விம்கோ நகர் வரைக்கும் மெட்ரோ வந்தபோது போர்டில் "சுங்கச்சாவடி" என்று எழுதினார்கள், நாம் சொல்வது டோல்கேட். மின்ட் என்றும் சொல்வோம், தங்கசாலை என்றும் சொல்வோம். ஒரு பெயருக்குக் கிடைக்கவில்லை என்றால் இன்னொரு பெயரில் கேட்டுப் பார்க்க வேண்டும். வழியைவிட, "வீடு" என்று ஒரே ஓர் இடத்தைச் சேமித்துக் கொடுங்கள், அம்மாவுக்கு அது பயன்படும்.

ஒட்டுக் கேட்குமா என்று பலர் கேட்கிறார்கள். அழைப்புச் சொல் என்று தவறாக நினைத்து, கூப்பிடாமலே விழித்துக்கொள்வது நடக்கும். அப்படிப் பதிவானவற்றில் ஒரு பகுதியை ஆட்கள் கேட்டுச் சரிபார்க்கிறார்கள் என்ற செய்தி 2019இல் வெளிவந்து, ஆப்பிள் மன்னிப்புக் கேட்டது. சிரி தொடர்பான வழக்கைத் தீர்த்துக்கொள்ள 9.5 கோடி டாலர் தரவும் 2025 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. நான் கேட்டு எழுதியவை சம்மதம் கொடுத்துக் கூலி வாங்கிப் பேசியவர்களின் குரல்கள். அப்படியும் அவர்கள் வீட்டுக் குழந்தை அழுவது பின்னால் கேட்கும்போது எனக்குக் கூச்சமாக இருக்கும். அழைப்புச் சொல்லை அணைத்துவிட்டுப் பட்டனில் மட்டும் வைத்துக்கொண்டால் இந்தக் கவலையும் பெருமளவு தீரும்.

ஐபோன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஐஓஎஸ் 18 வந்த பிறகு சிரி இந்திய ஆங்கிலத்தோடு தமிழ் கலந்து பேசினால் புரிந்துகொள்கிறது. முழுக்கத் தமிழில் மட்டும் பேசுகிற அம்மாவுக்கு, அதுவும் மார்க்கெட்டில் வைத்திருக்க, நான் ஆண்ட்ராய்டையே சொல்வேன்.

நம் பேச்சை இந்த மென்பொருள்கள் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் நம் குரல் அங்கே போய்ச் சேர வேண்டும். சென்னை ஐஐடியில் இருக்கும் ஏஐ4பாரத் குழு 22 இந்திய மொழிகளில், மாவட்டம் மாவட்டமாக, ஆட்கள் இயல்பாகப் பேசுவதைச் சேகரிக்கிறது. இந்திய மொழிகளுக்கான மத்திய அரசின் பாஷிணி என்ற மென்பொருள் திட்டமும் 2022இல் தொடங்கியது. மொசில்லாவின் காமன் வாய்ஸ் தளத்தில் யார் வேண்டுமானாலும் தமிழில் குரல் கொடுக்கலாம், மற்றவர்கள் பேசியதைச் சரிபார்க்கவும் செய்யலாம். உங்களுக்குப் படிக்க வரும், நேரம் கிடைத்தால் வாரத்துக்குப் பத்து நிமிடம் அங்கே கொடுங்கள். எங்கள் கடைப் பையன்களை நான் இதில் உட்கார வைத்திருக்கிறேன். வியாசர்பாடியிலும் கொருக்குப்பேட்டையிலும் வளர்ந்த குரல்கள் அங்கே இருக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை.

கடைசியாக அவசரம். உடம்புக்கு ஏதாவது ஆகி, மூச்சு வாங்கும்போது குரலை நம்பி இருக்கக் கூடாது. புதிய ஆண்ட்ராய்டு போன்களில் பவர் பட்டனை ஐந்து முறை வேகமாக அழுத்தினால் அவசர அழைப்பு போகும்படி வைக்கலாம். அமைப்பில் போய் அதை இயக்கி, அம்மாவின் விரலாலேயே ஒருமுறை அழுத்திப் பழக்குங்கள், பழகும்போது அழைப்பு போவதற்கு முன் நிறுத்திவிடுங்கள். 108ஐ மனப்பாடமாக வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்புறம் ஒரு சின்ன அட்டையில் உங்கள் எண்ணையும் பக்கத்து வீட்டு எண்ணையும் பெரிய எழுத்தில் எழுதி, தண்ணீர் படாமல் செலோடேப் ஒட்டி, போன் கவருக்குள் வைத்துவிடுங்கள். சார்ஜ் தீர்ந்து போன் செத்துவிட்டால், பக்கத்துக் கடைக்காரர் அதைப் பார்த்து உங்களைக் கூப்பிடுவார்.